மைரன் எழுதாத பெயர்

செப்டம்பர் மாதக் காலைகளில் கனடாவின் ரெட்வில்லோ ஊரில் எந்த விவசாயிக்கும் வேலை ஓடாது. ராத்திரி இறங்கிய பனி காயும்வரை கதிர் ஈரமாக இருக்கும். ஈரக் கதிரை அறுவடை இயந்திரத்துக்குள் விட்டால் அது மென்று மென்று கடைசியில் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே வெயில் ஏறும்வரை ஆம்பிளைகள் அத்தனை பேரும் கூட்டுறவுக் கடை மூலையில் இருக்கும் காப்பி மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மழை வருமா, கனோலா எண்ணெய்வித்து என்ன விலை, யார் வீட்டு லாரி எந்தப் பள்ளத்தில் இறங்கியது என்று எல்லாம் அங்கே அலசப்படும். அந்த வருஷம் மட்டும் ஒரே பேச்சுத்தான். ரெஜைனா ரேவன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் முதல் ஆட்டத்துக்கு எந்த இருபத்து மூன்று பேர் மிஞ்சுவார்கள்?

பயிற்சி முகாமுக்கு அறுபது பேரை அழைத்திருந்தார்கள். ஒத்திகை ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முடிய முடிய, ஆட்களைக் கழித்துக்கொண்டே வருவார்கள். மிஞ்சுகிறவன் பெரிய லீக்கில் ஆடுவான். கழிக்கப்பட்டவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்ன லீக்குக்குப் பஸ் ஏற வேண்டும். சாதாரணமாகவே ரெட்வில்லோவில் ஆளுக்கு ஆள் பயிற்சியாளர்தான். அந்த வருஷம் கேட்கவே வேண்டாம், ஏனென்றால் அந்த அறுபது பேரில் ஒருவன் இந்த ஊர்ப் பையன். மைரன் கோசாக்கின் மகன் கோல்பி, தடுப்பு வரிசையில் ஆடுகிறவன்.

தானியக் கிடங்கை நடத்தும் லாயிட், பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவர் கணிப்பையும் அதில் எழுதிக்கொண்டிருந்தார். சரியாகச் சொல்கிறவனுக்குக் குளிர்காலம் முழுக்க ஓசிக் காப்பி. எல்லார் சீட்டும் வந்துவிட்டது. மைரன் சீட்டு மட்டும் பாக்கி.

"என்னய்யா, பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி மறைச்சு மறைச்சு எழுதற. குடு இங்க," என்று லாயிட் சீட்டைப் பிடுங்கிப் படித்தார். பாதியில் நின்றார். திரும்ப மேலிருந்து படித்தார். "டேய் மைரன், தடுப்புல எட்டு பேர் எழுதிருக்க. அதுல ஒருத்தன் போன வருஷமே ரிட்டயர் ஆகியிருக்க வேண்டிய கெழவன். கோல்பியக் காணோமே! பெத்த புள்ள பேர் மறந்துபோச்சா?"

மேஜையே திரும்பிப் பார்த்தது.

நல்ல வேளை, முன்னாள் நடுவர் கார்னெட் குறுக்கே வந்தார். "அவன வுடு லாயிட். சொந்தப் புள்ள பேர எவனாவது தன் கையால எழுதுவானா? என் மச்சான் எழுதினான். மறுநாளே பையன் கால ஒடிச்சுக்கிட்டு வந்தான். அதுவும் ஆட்டத்துல இல்ல, பாத்ரூம்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அட, அப்படியா விஷயம், கண் பட்டுவிடக் கூடாதென்று அப்பன் பயப்படுகிறான் என்று ஆளாளுக்கு மைரன் முதுகில் தட்டினார்கள். லாயிடின் மகள் அந்தக் காலண்டர் தாளைப் படம் பிடித்து, அணியின் ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டாள். 'எங்கள் ஊரே கோல்பி பக்கம், அவன் அப்பாவைத் தவிர!' என்று கீழே ஒரு கேலி வேறு.

மைரனும் தலையாட்டிச் சிரித்து வைத்தார். கண்ணாவது படுவதாவது! அந்த மனுஷர் ஏணிக்கு அடியில் நடப்பார், பூனை குறுக்கே போனால் அதைத் தூக்கிக் கொஞ்சுவார். அவர் எழுதாத காரணம் வேறு. மகன் கழிக்கப்பட்டுவிட வேண்டும் என்று அவர் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தார். அதை வெளியே சொன்னால் ஊர் அடிக்க வரும். பெண்டாட்டி டார்லீன் முதல் ஆளாக வருவாள்.

விஷயம் ஆகஸ்டில் ஆரம்பித்தது. முகாமுக்கு முன்னால் கோல்பி அறுவடைக்கு உதவ வந்திருந்தான். மைசூர் பருப்பு வயலில் அவனை இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, மைரன் லாரியில் தானியம் இறக்கப் போனார். திரும்பி வரும்போது இயந்திரம் வயல் நடுவில் நின்றிருந்தது. ஏதோ பெல்ட் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனார். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. பெரிய சக்கரத்தின் நிழலில் கோல்பி தொப்பியை முகத்தில் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வாந்தி.

"வெயில்பா. ஒண்ணும் இல்ல," என்றான்.

அன்றைக்கு வெயிலே இல்லை. லேசான மேகம்.

கொஞ்சம் அதட்டியதும் உண்மை வந்தது. மார்ச்சில் சின்ன லீக் ஆட்டத்தில் ஒருத்தன் தோளால் தாடையில் இடித்து விழுத்தாட்டினானே, அதிலிருந்தே இப்படித்தான். வெளிச்சம் ஆகவில்லை. தலை குனிந்து நிமிர்ந்தால் உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது.

"டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டேன்னு சொன்னியேடா?"

"பாஸ்தான்பா." கோல்பி சிரித்தான். "சீசன் தொடங்குறப்ப நல்லா இருக்கும்போதே ஒரு டெஸ்ட் வெப்பாங்க. ஞாபக சக்தி, வேகம், அது இதுன்னு. அடிபட்டதுக்கப்புறம் அதையே திரும்ப வெச்சு, பழசோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. அதனால மொத டெஸ்ட்ல வேணும்னே மக்கு மாதிரி எழுதிருவோம். அப்புறம் எவ்வளவு அடிபட்டாலும் சமமா வந்துரும். எல்லாப் பசங்களும் இதத்தான் பண்றாங்க."

கேட்டவுடன் மைரனுக்கும் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரப் பையன் என்று ஒரு நொடி பெருமைகூடப் பட்டார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அடிபட்டதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு அளவுகோல், அதையும் இவன் முன்கூட்டியே வளைத்து வைத்துவிட்டான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுப்பா. அம்மாகிட்ட கண்டிப்பா கூடாது. ஆறு வயசுலேருந்து இதுக்காகத்தானே இருக்கேன். சத்தியம் பண்ணு."

மைரன் சத்தியம் பண்ணினார். அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார், ஏன் பார்த்தோம் என்று ஆகிவிட்டது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கிவிடலாம், ஆள் அங்கேயே போய்விடலாம் என்று போட்டிருந்தது. அதற்கப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் மகன் வாழ்க்கை போச்சு. சொல்லாவிட்டால் மகனே போனாலும் போவான். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்த மனுஷர் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சியாளரே கோல்பியைக் கழித்துவிட்டால்? சின்ன லீக்குக்குப் போகட்டும், அங்கே கொஞ்ச நாள் காயம் என்று உட்காரட்டும், அப்பன் வாயைத் திறக்கவே வேண்டாம். கோழைத்தனமான ஆசைதான். அது அவருக்கே தெரிந்திருந்தது.

ஆனால் பாழாய்ப்போன பையன் அவ்வளவு நன்றாக ஆடினான்.

ஒத்திகை ஆட்டங்களை டார்லீன் டி.வி.க்கு முன்னால் நின்றுகொண்டேதான் பார்ப்பாள். உட்கார்ந்தால் அவளுக்குக் கத்த வராது. "போடு! அப்படிப் போடு!" என்று அவள் குதிக்க, மைரன் பின்னால் நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு தடவை கோல்பி மூலையில், பனித்தரையில் வழுக்கி ஓடும் அந்த ரப்பர் பந்துத்தட்டை எடுக்கப் போகும்போதும், பின்னாலிருந்து ஒருத்தன் வேகமாக வருவான். மைரன் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணாடிச் சுவரில் மோதும் சத்தம் கேட்கும். டார்லீன் கத்தும் விதத்தை வைத்து, மகன் எழுந்துவிட்டானா என்று தெரிந்துகொள்வார்.

கடைசி ஒத்திகை ஆட்டத்தில் அப்படி ஒரு மோதல். கோல்பி உடனே எழுந்துவிட்டான், அடுத்த நொடியே பந்துத்தட்டைத் தட்டி வெளியேற்றினான். வர்ணனையாளர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். "இந்தப் பையன வெளிய அனுப்ப இப்ப எந்தப் பயிற்சியாளருக்கும் மனசு வராது," என்றார் ஒருவர். கேமரா பெஞ்சைக் காட்டியது. மற்ற எல்லாரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல்பி மட்டும் தன் இரண்டு பாதங்களுக்கு நடுவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு அடக்கம் பாரு என் புள்ள," என்றாள் டார்லீன்.

மைரனுக்கு மைசூர் பருப்பு வயலும் சக்கரத்து நிழலும் ஞாபகம் வந்தன.

ரெண்டு நாள் கழித்து, மதியம், இயந்திரத்தின் கூண்டுக்குள் இருக்கும்போது போன் அடித்தது. "அப்பா!" கோல்பி கத்தினான். "ஹோட்டலக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க! வீடு பாத்துக்கோன்னு மேனேஜர் சொல்லிட்டாரு!"

அந்த உலகத்தில் 'உன்னை எடுத்துக்கொண்டோம்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முகாமில் இருக்கிறவரை எல்லாரும் ஹோட்டலில் பெட்டியைப் பிரிக்காமலேதான் இருப்பார்கள். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, வீடு பார்த்துக்கொள் என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து வருஷம் காத்திருக்கிறார்கள்.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குதுடா," என்றார் மைரன். "ரொம்ப... ரொம்ப சந்தோஷம்."

"உன் கணிப்பு என்னாச்சு பாத்தியா? அந்தப் படத்தப் பாத்தேன். ஹோட்டல்ல பசங்க எல்லாரும் என்னை ஓட்டித் தள்ளிட்டாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றது. "நீ வாப்பா. வீடு பாக்கறப்ப நீ கூட இரு."

லாரியில் இருந்த டார்லீனுக்கு விஷயம் போனதும், அவள் ஹாரனை அழுத்திய அழுத்தில் பக்கத்து வயல்காரன் விபத்தோ என்று ஓடி வந்தான்.

மறுநாள் காப்பி மேஜையில் திருவிழா. லாயிட் சிவப்புப் பேனாவால் மைரன் வரிசையைக் குறுக்கே அடித்தார். "ஊர்லயே தோத்தது ஒரே ஒரு ஆளு! அப்பன் தோத்து ஊரு ஜெயிச்சிருக்குடா! எடு, எல்லாருக்கும் காப்பி எடு!" மைரன் காப்பி வாங்கி வந்து வைத்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. அழுகிறார் என்று நினைத்துக் கார்னெட் அவர் தோளை அணைத்துக்கொண்டார். அந்த அணைப்பில் அவருக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல இருந்தது, ஆனால் மென்று விழுங்கிவிட்டார்.

டார்லீன் கொடுத்தனுப்பிய பெரோகிக் கொழுக்கட்டைகள் பனிப்பெட்டி நிறைய, போர்வைகள், ஒரு பழைய விளக்கு, எல்லாவற்றோடும் மைரன் ரெஜைனா நகரம் போய்ச் சேர்ந்தார். ஹோட்டல் வாசலில் கோல்பி காத்திருந்தான். கறுப்புக் கண்ணாடி, அதற்கு மேல் புருவம் மறைய இழுத்துவிட்ட தொப்பி. இளைத்திருந்தான். கட்டிப்பிடித்தபோது, தலை தோளில் பட்டுவிடாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டான்.

வீடு காட்ட வந்தவள் ட்ரூடி என்ற பெண். நடையும் பேச்சும் பட்டாசு. வருங்கால நட்சத்திரத்துக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் குஷியில் இருந்தாள். முதலில் பத்தாவது மாடிக்குக் கூட்டிப்போனாள். கதவைத் திறந்ததும் மூன்று பக்கமும் கண்ணாடி. கீழே வஸ்கானா ஏரி முழுக்க வெயில் தகதகத்தது.

"எப்படி? காலைல எந்திரிச்சா ஏரி, ராத்திரி படுத்தா நகரம்!" என்றாள்.

மைரன் திரும்பிப் பார்த்தார். கோல்பி உள்ளே வரவே இல்லை. வாசலுக்கு வெளியே நடையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"நல்லாருக்கு," என்றான் அங்கிருந்தே. "வேற ஏதாவது இருக்கா? கீழ? தரைக்கு அடியில இருக்கற மாதிரி?"

ட்ரூடி சிரித்துவிட்டாள். "பெரிய லீக்ல ஆடற பையன் நிலவறை வீடு கேட்டு நான் இப்பதான் பாக்கறேன். சார், புள்ளைய ரொம்பக் கஞ்சனா வளத்துட்டீங்க!"

மைரனும் பழக்கதோஷத்தில் சிரித்தார். லிஃப்ட் இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. பிள்ளை காசை மிச்சம் பிடிக்கவில்லை. இருட்டைத் தேடுகிறான்.

நிலவறை வீடு ஒரு பழைய தெருவில் இருந்தது. உள்ளே ஈர வாடை, மூலையில் சூடேற்றும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஒரே ஜன்னல், அதுவும் கையகலம், வெளியே புல் மறைத்திருந்தது. எலிகூட இரண்டு தடவை யோசிக்கும் இடம். கோல்பி நடு அறையில் நின்று, அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினான். அவன் தோள் தளர்ந்து இறங்கியதை மைரன் பார்த்தார்.

"இது போதும். இன்னிக்கே வந்துர்றேன்."

ட்ரூடி பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துப் பேனாவை நீட்டினாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் மைரன். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். "இவனுக்கு வீடு வேண்டாம்."

"அப்பா!"

"வேண்டாம்மா. மன்னிச்சுக்கோ. ஒரு அஞ்சு நிமிஷம் எங்களத் தனியா விடு."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒப்பந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள்.

கோல்பி முகம் சிவந்துவிட்டது. "என்ன பண்ற நீ? ஊர்ல எல்லாரும் என் பேர எழுதினாங்க. அந்தக் குடிகார லாயிட்கூட எழுதினாரு. நீ எழுதல. கண்ணு பட்டுரும்னு எழுதலயா? உண்மையச் சொல்லு."

"இல்லடா."

"பின்ன?"

"அவங்க உன்னக் கழிச்சு விட்டுரணும்னு வேண்டிக்கிட்டேன்." மைரன் தரையைப் பார்த்துச் சொன்னார். "தினமும் வேண்டிக்கிட்டேன். எனக்குச் சொல்ற தைரியம் இல்ல. அவங்களே அனுப்பிட்டா நான் உன்கிட்ட கெட்ட பேர் வாங்க வேண்டாம் பாரு. அவ்வளவுதான் உங்கப்பன் யோக்கியத."

மேலே ட்ரூடியின் செருப்புச் சத்தம் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. கோல்பியின் குரல் இறங்கிவிட்டது. சின்ன வயதில் பொம்மை கேட்பானே, அந்தக் குரல்.

"நாளன்னிக்கு மொத ஆட்டம்பா. ஒரே ஒரு ஆட்டம். அதுல ஒரு நிமிஷம் எறங்கிட்டாக்கூட நான் பெரிய லீக்ல ஆடினவன். சாகற வரைக்கும் அத எவனாலயும் அழிக்க முடியாது. அம்மா அரங்கத்துல உக்காந்து பாப்பா. ஆடி முடிச்சதும் நானே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிடறேன். சத்தியமா. ஒண்ணே ஒண்ணு."

மைரன் தடுமாறிவிட்டார். மறைப்பதற்கென்ன, ஆடிப்போய்விட்டார். ஒன்றுதானே. டார்லீன் புதுச் சட்டைகூட வாங்கி வைத்திருக்கிறாள். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, இன்னும் ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது? சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது கண்ணாடிச் சுவரில் மோதும் அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டது. தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், டார்லீன் கத்தாமல் இருப்பதும்.

"அந்த ஒண்ணுல அடி பட்டுச்சுன்னா?" என்றார்.

கோல்பி தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டான்.

"நான் அணி டாக்டருக்கு போன் பண்ணப் போறேன். மொத டெஸ்ட்ட நீ வேணும்னே தப்பா எழுதினதயும் சொல்லப் போறேன். நீ இனிமே என்னை அப்பான்னு கூப்பிடலன்னாலும் சரி. அம்மா என்னை வீட்ட விட்டுத் துரத்தினாலும் சரி. நீ உசுரோட இருந்துக்கிட்டு என்னைத் திட்டுடா."

கத்துவான், கையை ஓங்குவான் என்று மைரன் எதிர்பார்த்தார். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். கோல்பி அப்படியே சுவரோடு சரிந்து வெறும் தரையில் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தான். முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான், தள்ளி வைத்துப் பார்த்தான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். விரல் எங்கே தொடுவது என்று தெரியாமல் திரைக்கு மேலே நின்றது. கடைசியில் போனை அப்பாவிடம் நீட்டினான்.

"டாக்டர் நம்பர் இதுல இருக்கு. நீயே தேடி எடுப்பா. அந்தக் கடைசி ஒத்திகை மேட்ச்ல இடிச்சதுலேருந்து எழுத்தெல்லாம் எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது. உன் மூஞ்சியும்."